மகேஸ்வரியின் வலிக்கு யார் காரணம்?

குடும்பநல மருத்துவமாது வேலையில் முதலில் கற்றுக்கொள்வது, "ஒன்னுமில்ல மிஸ்" என்று யாராவது சொன்னால் அதை நம்பக் கூடாது என்பதைத்தான். வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர் குடியிருக்கிற லயம் லயமாக ஏறி இறங்குகிறவள் நான். அட்டைக்கடியோடும் முழங்கால் வலியோடும் இதே வேலை பார்க்கிற சகோதரிகளே, இந்தச் சந்தேகங்கள் உங்களுக்கும் பழக்கமானவையாகத்தான் இருக்கும்.

கடைசி ஆள்

தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் கிளினிக் முடிந்து எல்லோரும் போன பிறகும் மகேஸ்வரி மட்டும் போகவில்லை. கொழுந்து எடுக்கிறவள், இரண்டு பிள்ளைகளின் தாய். தராசை எடுத்து வைக்க உதவினாள், தேவையே இல்லாமல் பெஞ்சைத் துடைத்தாள். கடைசி ஆளாக நிற்கிறவளிடம் எப்போதும் ஒரு விஷயம் இருக்கும். என்னவென்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். கதவைச் சாத்திவிட்டு மறுபடி கேட்டேன்.

பெண்ணுறுப்பின் வாசலில் எரிவு, போன தீபாவளிக்கு முந்தியே தொடங்கியது. உட்கார்ந்தால் எரிகிறது, மலை ஏறினால் குத்துகிறது, புருஷன் பக்கத்தில் வந்தால் உயிர் போகிறது. இவள் விலகி விலகிப் படுக்க, புருஷன் சந்திரனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பொங்கலுக்குள் சரியாகாவிட்டால் வட்டகொடையில் தாய் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவானாம். "எனக்கு வேற ஆளு இருக்காம் மிஸ். ஒக்காரவே முடியல, இதுல நான் எங்க போயி ஆளு தேடுறது?"

களிம்பு

தோட்டத்து டிஸ்பென்சரியில் டாக்டரையா என்று எல்லோரும் கூப்பிடுகிறவர் ஏற்கெனவே வைத்தியம் பார்த்திருந்தார். பூஞ்சணம் என்று சொல்லிக் களிம்பு கொடுத்தார். அது தீர்ந்ததும் அதே களிம்பை மறுபடியும் கொடுத்தார். அரிப்பு இருந்ததா என்று கேட்டேன், இல்லை. வெள்ளைபடுதல் அதிகமா என்றேன், அதுவும் இல்லை. பூசப் பூச எரிவுதான் கூடியிருக்கிறது. பிறகு எதை வைத்துப் பூஞ்சணம் என்றார்? எனக்கு அந்தக் களிம்பின் மேலேயே சந்தேகம் வந்தது. அவர் சோதித்துப் பார்த்தாரா என்று கேட்டேன். "அவரு சன்னலப் பாத்துகிட்டே கேட்டாரு மிஸ், நானும் செவத்தப் பாத்துகிட்டே சொன்னேன்."

வீட்டுச் சோதனை

அடுத்து அவளுடைய லயத்து அறைக்குப் போய்ச் சந்தேகப்பட்ட எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தேன். வாசனைச் சவுக்காரம், துணி துவைக்கிற தூள், கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் இறுக்கிக் கட்டுகிற படங்குத் துணி. அலமாரிக்குப் பின்னால் ஒரு கிருமிநாசினிப் போத்தல் இருந்தது. தரை கழுவுகிற சாமான். புருஷன் "நோய்க்காரி" என்று சொன்ன நாளிலிருந்து அதைச் சுடுதண்ணீரில் கலந்து காலையிலும் மாலையிலும் அந்த இடத்தைக் கழுவி வந்திருக்கிறாள். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. வெறும் தண்ணீர் போதும், படங்கைத் தளர்த்திக் கட்டு, மழையில் நனைந்தால் உள்ளாடையை உடனே மாற்று, களிம்பை நிறுத்து என்று சொல்லிப் போத்தலைப் பையில் போட்டுக்கொண்டேன்.

எரிவு கொஞ்சம் தணிந்தது, போகவில்லை. ஆனால் அடுத்த காம்பராக்காரி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். "என்ன மிஸ், பொலிஸ் மாதிரி சவுக்காரத்தையெல்லாம் புடிச்சிகிட்டுப் போறீங்க?"

பெரட்டில்

மகேஸ்வரியைக் கொஞ்ச நாளைக்கு மேட்டு மலையில் போடாமல் ரோட்டோரமாக வேலை கொடுக்கும்படி கங்காணியிடம் கேட்டேன். வேலை பிரித்துக் கொடுக்கிற காலைப் பெரட்டில் அத்தனை பேருக்கு நடுவில் என்ன வியாதி என்று கேட்டார். பெண்கள் வியாதி என்றேன். என்னையும் மேலும் கீழும் பார்த்தார். "அட்டை கடிச்சாக் காட்டுறாங்க, கத்தி வெட்டுனாக் காட்டுறாங்க. காட்டாத வியாதிக்கெல்லாம் எப்புடி மிஸ் வேலை மாத்திக் குடுக்குறது?"

சந்திரனின் விசாரணை

சந்திரனுக்குத் தேயிலை பெக்டரியில் வேலை. ஒரு நாள் பாலத்தடியில் என்னை மறித்தான். இந்த நோய் யாரிடமிருந்து வந்தது என்று அவனுக்கு உடனே தெரிய வேண்டுமாம். நோய் என்று முதலில் யார் சொன்னது என்று கேட்டேன். சந்தேகம் தீர வேண்டுமென்றால் இரண்டு பேருமே பரிசோதித்துக்கொள்ளலாம், முதலில் உங்கள் இரத்தத்தைக் கொடுங்கள் என்றேன். அவன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கும் அவன்மேல் ஒரு சந்தேகம் விழுந்தது. வரமாட்டான் என்றுதான் நினைத்தேன், வந்துவிட்டான்.

இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. ஆள் நிம்மதியானவனாகத் தெரியவில்லை. "யாரு மேலயும் குத்தமில்லன்னா, அவளுக்கு ஏன் மிஸ் வலிக்குது?"

பஞ்சுக் குச்சி

அந்தக் கேள்வியோடுதான் மகேஸ்வரியைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். சிங்கள டாக்டரம்மா. அவருக்குக் கொஞ்சம் தமிழ், மிச்சத்துக்கு நான். அவர் சன்னலைப் பார்க்கவில்லை. தோலைப் பார்த்தார், கடைசிப் பிரசவத்தில் தைத்த தழும்பைப் பார்த்தார், தொற்று இருக்கிறதா என்று மாதிரி எடுத்தார், இரத்தத்தில் சீனியும் பார்க்கச் சொன்னார். எல்லாம் சரியாகவே இருந்தன. பிறகு ஒரு பஞ்சுக் குச்சியால் வாசலைச் சுற்றி மெல்ல மெல்லத் தொட்டுக்கொண்டே வந்தார். மற்ற இடங்களில் பேசாமல் கிடந்தவள், கீழே ஓர் இடத்தில் பஞ்சு பட்டதும் கட்டிலிலிருந்து துள்ளிவிட்டாள்.

அங்கே இருக்கிற நரம்புகள் சும்மா தொட்டாலும் வலியென்று சொல்கின்றன, வலிக்குப் பயந்து உள்தசைகளும் இறுகிக் கிடக்கின்றன என்றார் டாக்டரம்மா. அந்தப் போத்தலும் களிம்பும் வலியைக் கூட்டி விட்டிருக்கலாம், தொடங்கி வைத்தது வேறு எதுவாகவும் இருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது. குறைந்த அளவில் ஒரு மாத்திரையும் தசையைத் தளர்த்தப் பயிற்சியும் தந்தார். அடங்கும், ஆனால் மெதுவாகத்தான் அடங்கும் என்றார். நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் மகேஸ்வரி அழ ஆரம்பித்தாள். "அப்ப எனக்கு வலிக்கிறது நெசந்தானே டாக்டர்?"

மாத்திரை

அடுத்த தொல்லை மருந்துக் கடையிலிருந்து வந்தது. அது மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மாத்திரை என்று கடைக்காரர் சந்திரனிடம் சொல்லிவிட்டார். வேற ஆள் என்ற சந்தேகம் போய், அவளுக்குப் பைத்தியமோ என்ற சந்தேகம் வந்தது. இந்த நரம்பு வலிக்கும் அதுதான் மருந்து என்றேன். என்னை அவன் நம்பவில்லை. டாக்டரம்மாவையே போய்க் கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஒரு நாள் பேரையும் கூலியையும் விட்டுவிட்டு, உண்மையாகவே போய்க் கேட்டுவிட்டு வந்தான். "நரம்புக்குத்தானாம். கோவிச்சுக்காதீங்க மிஸ், நீங்களும் அவளும் ஒன்னாப் பேசிவச்சிகிட்டீங்களோன்னு நெனச்சேன்."

பொங்கலுக்கு முந்தி

மார்கழிக் கிளினிக்குக்கு மகேஸ்வரி வந்தபோது எரிவு பாதிக்குப் பாதி குறைந்திருந்தது. சந்திரன் விறகு தூக்குகிறானாம், மாத்திரையை எடுத்துக் கையில் கொடுக்கிறானாம், தாய் வீட்டில் விடுகிற பேச்சே இல்லையாம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்படியென்றால் பொங்கலுக்கு இங்கேதானே என்று கேட்டேன். "இல்ல மிஸ், வட்டகொடைக்குப் போறேன். பள்ளிக்கூட லீவு முடியிற வரைக்கும் அம்மாகிட்டதான். அவரு என்ன நம்புற வரைக்கும் நான் காத்துகிட்டு இருந்தேன்ல, இப்ப அவரு கொஞ்சம் காத்துகிட்டு இருக்கட்டும்."

வலிக்குக் காரணம் எதுவென்று எங்களில் யாருக்கும் இன்றுவரை நிச்சயமாகத் தெரியாது, ஆனால் அவள் வட்டகொடைக்கு ரயில் ஏறிய காரணத்தில் மட்டும் எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.