பின்பக்கம் நின்றுபோகும் சத்தம்

என் கணவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம் ஆனதும், சமதரையில் மெதுவாக சைக்கிள் ஓட்டலாம் என்றார் டாக்டர். ஓட்டலாம் என்றுதான் சொன்னார். ஓட்டியே ஆகவேண்டும் என்று இவர் எடுத்துக்கொண்டார். சிஞ்ச்வட்டில் எங்கள் சொசைட்டிக் கட்டடத்தைச் சுற்றி ஒரு சிமெண்ட் பாதை உண்டு. மகள் கல்யாணமாகிப் போகும்போது விட்டுப்போன சைக்கிளை எடுத்துக்கொண்டு தினமும் காலை ஆறரைக்கு இறங்கிவிடுவார். ஆறு சுற்று.

அந்த அரைமணி நேரம் என் கண்ணும் காதும் கீழேதான் இருக்கும். எங்கள் வீடு நான்காவது மாடி. முன்பக்க பால்கனியில் நின்றால் கேட் வரை தெரியும். பின்பக்கம் போய்விட்டால் தண்ணீர்த் தொட்டியும் மரங்களும் மறைத்துவிடும். சமையலறை ஜன்னலில் நின்று காதைத் தீட்டிக்கொள்ளத்தான் முடியும். நல்லவேளையாக சைக்கிள் சீட் கத்தியது. ஒவ்வொரு மிதிக்கும் ஒரு கிறீச். கீழ்வீட்டுக்காரர் எண்ணெய் விடச் சொல்லி இரண்டு முறை என்னிடம் சொல்லிவிட்டார். தலையாட்டினேனே தவிர இவரிடம் சொல்லவில்லை. அந்தச் சத்தம் வந்துகொண்டிருக்கும்வரை இவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம்.

ஆனால் பின்பக்கம் போனதும் சில சமயம் சத்தம் நின்றுபோகும். கையில் கரண்டியோடு அப்படியே நிற்பேன். தோசை கருகும். அடுப்பை அணைத்துவிட்டுச் செருப்பைத் தேடும்போது மறுபடி கிறீச்சென்று கிளம்பும்.

"நடுவுல ஏன் நின்னீங்க?" என்று மேலே வந்ததும் கேட்பேன்.

"வாட்ச்மேன் பேச்சுக் குடுத்தான்."

மறுநாள் கேட்டால் நாய் குறுக்கே வந்தது என்பார். அதற்கு மறுநாள் செயின் கழன்றுவிட்டது. செயினை மாட்டிய கையில் கறை இருக்க வேண்டாமா? கை அப்போதுதான் சோப்புப் போட்டுக் கழுவினதுபோல் இருந்தது. அதைக் கேட்டுவிட எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை லிஃப்டில் ஏற்றி ஹாலுக்கே கொண்டுவந்துவிட்டார். கீழே பேப்பரை விரித்து, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். "இந்தச் சத்தத்த இன்னைக்கு விடுறதில்ல," என்றார். வண்டி உதிரிபாகத் தொழிற்சாலையில் ஓய்வு பெறும்வரை இவருக்கு அதுதான் வேலை, எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா? ஒரு போல்ட்டை முறுக்குவார், கீழே போய் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்ப்பார், மேலே வருவார், அடுத்த போல்ட்டுக்குப் போவார்.

"எல்லாத்தையும் ஒரேடியா முறுக்கிட்டா என்ன?"

"அப்புறம் எது காரணம்னு எப்பிடித் தெரியும்?"

ஒவ்வொரு முறை லிஃப்ட் கதவு மூடும்போதும் நான் பால்கனிக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். ஐந்தாம் முறையோ ஆறாம் முறையோ, சீட்டின் அடிக்கம்பிகளைப் பிடித்திருந்த கிளாம்பைக் கழற்றினார். பழுப்பாக ஏதோ பொடிப்பொடியாக உதிர்ந்தது. எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"சந்தனம்," என்றார்.

ஆயுத பூஜைக்கு சைக்கிளுக்குச் சந்தனம் வைப்பது நான்தான். இங்கே மராத்திக்காரர்கள் தசராவுக்கு வண்டியில் ஒரு செண்டுமல்லி மாலையைப் போட்டு நிறுத்திக்கொள்வார்கள். என் கை கொஞ்சம் தாராளம். வருடா வருடம் தளரக் குழைத்து சீட்டில் வைத்தது உள்ளே வழிந்து, தெருத் தூசியோடு சேர்ந்து, கிளாம்புக்குள் கெட்டிப்பட்டுக் கிடந்தது. "உன் பக்திதான் இவ்வளவு நாளாக் கத்தியிருக்கு," என்று சிரித்தார். பழைய டூத் பிரஷால் தேய்த்தெடுத்து, கிரீஸ் தடவி மாட்டினார். நானும் சிரித்துவைத்தேன். உள்ளுக்குள் எரிச்சலாக இருந்தது.

திங்கட்கிழமை ஆறரைக்கு இறங்கினார். பால்கனியிலிருந்து பார்த்தேன், திரும்பிப் பின்பக்கம் போனார். சமையலறைக்கு ஓடினேன். பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடியது. தண்ணீர் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுத்தது. மிக்ஸி நின்றது, லாரியும் போய்விட்டது. அதன்பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. பால்கனிக்கு ஓடிப் பார்த்தேன், முன்பக்கமும் வரவில்லை. லிஃப்ட் ஏழாவது மாடியில் நின்றது. காத்திருக்க முடியாமல் வெறுங்காலோடு படியில் இறங்கினேன். "காய் ஜாலா?" என்று மராத்தியில் கேட்டபடி வாட்ச்மேன் பதறி எழுந்தார். என்ன ஆச்சு என்று எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல.

தொட்டி ஓரத்துக் குட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தார். சைக்கிளைப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தார். வலது கை விரல்கள் இடது மணிக்கட்டை அழுத்திக்கொண்டிருந்தன, கண் கடிகாரத்தில் இருந்தது. என்னைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார்.

"வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்ல. பயம்," என்றார். "முன்னாடி நாலு பேரு நடமாடுறாங்க. இங்க வந்தா, விழுந்தா யாரு பாப்பாங்கன்னு தோணிடும். எறங்கி உக்காந்துருவேன்."

"எத்தனை நாளா?"

"மொத நாள்லேருந்து. சத்தம் நின்னா நீ கண்டுபிடிச்சுடுற. தெனம் ஒரு பொய் சொல்ல முடியல. அதான் சீட்டச் சரிபண்ணுனேன்."

எனக்கு வந்த கோபத்தில் அழுகைதான் வந்தது. "அந்தச் சத்தத்த வச்சுத்தான் நான் மேல மூச்சு விட்டுக்கிட்டு இருந்தேன்," என்றேன். நான் பயப்படுகிறேன் என்பது இவருக்குத் தெரியும். இவரும் பயப்படுகிறார் என்று எனக்கு இவ்வளவு நாள் தோன்றவே இல்லை.

இவர் இடது கையை நீட்டினார். "நீ எண்ணிச் சொல்லு. நான் எண்ணுனா கூடிக்கிட்டே போவுது."

பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்தேன். நான்கு மாடி இறங்கி ஓடிவந்ததில் என் விரல் நுனியெல்லாம் துடித்துக்கொண்டிருந்தது. இவருடைய துடிப்பு எது, என்னுடையது எது என்று பிரிக்கவே முடியவில்லை. ஒரு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "எழுவத்திரெண்டு," என்றேன்.

அதை நம்பி எழுந்து சைக்கிளில் ஏறினார்.