வாய் திறக்காத அழைப்பு

குணேஸ்வரி அக்காவுக்கு மூக்கின் மேல் கோபம். எங்கள் தபால் கந்தோரில் தொலைபேசிப் பலகைக்கு முன்னால் இருந்த காலம் முழுக்க அந்தக் கோபத்தை வைத்தே ஊரை ஆண்டார். லிங்கநகரிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கும்போதே யாரையாவது ஏசிக்கொண்டுதான் இறங்குவார். முத்திரை விற்கிற எனக்கு அன்றாடம் அதில் ஒரு பங்கு உண்டு.

ஆனால் வேலையில் அவரை அசைக்க ஏலாது. ஊரில் ஒருவர் போனை எடுத்தால் பலகையில் சின்ன மூடி ஒன்று விழும். அக்கா வயரைச் செருகி நம்பர் கேட்பார். மறுபக்கம் மணியடிக்கும், எடுத்தால் பேச்சு தொடங்கும். போனைக் கீழே வைத்தவரின் பக்கத்து விளக்கு எரியும். இரண்டு விளக்கும் எரிந்த பிறகுதான் வயரைப் பிடுங்கலாம். போஸ்ட்மாஸ்டரான எங்கள் பெரியவருக்கு அந்தப் பொறுமை இல்லை. சத்தம் நின்றால் இணைப்பை வெட்டச் சொல்லுவார்.

"சத்தமில்லையெண்டா ஆளில்லையோ? விளக்கு எரியேல்லை, ரெண்டு பேரும் லைனில நிக்கினம். நீங்கள் போய் உங்கட வேலையைப் பாருங்கோ" என்பார் அக்கா.

அறுபத்துநாலில் ஒருநாள் காலை, கிண்ணியாவிலிருந்து ஸல்ஹா மாமியாரோடு படகில் துறை கடந்து வந்தாள். கலியாணமாகி மூன்று மாதம்தான். கொழும்பில் நின்ற அவள் புருசன் முத்தலிபுக்குக் கப்பலில் வேலை கிடைத்திருந்தது. ஏறினால் இரண்டு வருடத்துக்கு ஊர்ப்பக்கம் வர முடியாது. மத்தியானத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அவளைக் கேட்காமல் ஏறமாட்டேன், போனில் பேச வா என்று தந்தி அடித்திருந்தான்.

அழைப்பு வந்தது. ஸல்ஹா கண்ணாடிக் கூண்டுக்குள் போனாள்.

"ஸல்ஹா, நான் போறதா, வாறதா?" என்று அவன் கேட்டதை அக்காதான் பிறகு எங்களுக்குச் சொன்னார்.

கூண்டு வாசலில் மாமியார். பின்னால் மணியோடருக்கு நின்ற அரைவாசி ஊர். புதுப்பெண் அத்தனை பேருக்கு முன்னால் புருசனோடு வாய் திறப்பாளா? தலையை மட்டும் ஆட்டினாள். போனுக்குள் தலையாட்டினால் கொழும்புக்குத் தெரியுமா?

"சரி புள்ள, பேசாட்டிச் சம்மதம்தான். ஏறுறன்" என்றான் அவன்.

பெரியவர் "சத்தமில்லை, வெட்டு" என்று சொல்லி முடிக்கவில்லை. மற்றவர் பேச்சுக்குள் நுழையக்கூடாது என்பது சட்டம். அக்கா அதைத் தூக்கி எறிந்துவிட்டு லைனுக்குள் கத்தினார்.

"தம்பி, வையாதீங்கோ! உங்கட மனுசி தலையாட்டுறா!"

"எந்தப் பக்கம்?"

அக்கா எழும்பிக் கூண்டைப் பார்த்தார். "குறுக்கால! நல்லாக் குறுக்கால! தலை கழண்டு விழப்போகுது!"

கந்தோரே சிரித்தது. அவனும் சிரித்து, "அப்ப வாறன்" என்று போனை வைத்தான். அவன் பக்கத்து விளக்கு எரிந்தது. எனக்கு வந்த சந்தோசத்தில் யாருக்கோ மிச்சக்காசைக் கூடக் கொடுத்துவிட்டேன்.

"முடிஞ்சுதே, பிடுங்கு" என்றார் பெரியவர்.

"பிள்ளை இன்னும் வைக்கேல்லை" என்றார் அக்கா.

ஸல்ஹா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, முக்காட்டை இழுத்துவிட்டு, வாசல்வரை கேட்கும்படி சொன்னாள்:

"மச்சான், கெதியா வந்துருங்க."

அக்காவின் குரல் அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தணிந்து வந்தது.

"ஓம் பிள்ளை, வாறாராம். இனி வையுங்கோ."