செவ்வந்தி மாலையோடு பேஸ்போல் மைதானத்துக்கு

உங்கள் அம்மா இந்தக் கதையை விருந்துகளில் சொல்லச் சொல்ல மாலை நீண்டுகொண்டே போகிறது. போனமுறை சொன்னபோது அது என் முழங்காலுக்கு வந்துவிட்டது. ஆகவே பிள்ளைகள் உங்களுக்காக நடந்ததை நானே எழுதி வைக்கிறேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்தில் பிழை இருக்கலாம், விசயத்தில் இருக்காது.

இந்த மாலை விசயம் நடந்தது தொண்ணூறுகளின் நடுப்பகுதியில். மகளுக்கு எட்டு வயது. மகன் இன்னும் தவழத் தொடங்கவில்லை. நான் பலேர்மோவின் லிபெர்த்தா தெருவில் நடக்கமாட்டாத ஒரு வயதான இத்தாலியச் சின்யோராவைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். ஞாயிறு காலை மட்டும் எனக்கு லீவு. மற்றவர்கள் அந்த நேரத்தில் பூசைக்குப் போவார்கள், அல்லது உடுப்புத் தோய்ப்பார்கள். நான் பேஸ்போல் பார்க்கப் போவேன். இதற்காக நான் கேட்ட ஏச்சை எழுதினால் கொப்பி காணாது.

அந்த விளையாட்டில் நான் ஆசைப்பட்டு விழவில்லை. அதற்கு ஐந்தாறு வருசத்துக்கு முன்னால் ஒருநாள் பஸ்ஸில் போகும்போது வெள்ளை உடுப்போடு ஆட்கள் நிற்பதைக் கண்டு, பலேர்மோவில் கிரிக்கெட் விளையாடுகிறார்கள் என்று நினைத்து இறங்கிவிட்டேன். இறங்கிப் பார்த்தால் உலக்கை மாதிரி ஒரு மட்டை. அடித்தவன் மட்டையை நிலத்தில் எறிந்துவிட்டு ஓடுகிறான். மட்டையை எறிகிறவனைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். இரண்டு மணித்தியாலம் கம்பி வேலியைப் பிடித்தபடி நின்று எரிச்சல்பட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அடுத்த ஞாயிறும் போனேன்.

போனதற்குக் காரணம் ஓர் ஆள். இடதுகையால் பந்தெறிபவர். கிழமை நாட்களில் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலை. அவர் எறிகிற பந்து அடிப்பவனின் நெஞ்சுக்கு நேரே வரும். அவன் மட்டையை வீசுகிற அந்த நேரம் பார்த்துச் சட்டென்று கீழே விழும். நானும் ஒரு காலத்தில் எங்கள் கழகத்துக்கு இடதுகையால் சுழல்பந்து போட்டவன். பந்து கையை விட்டுப் போகும்போது அவருடைய விரல் என்ன செய்கிறது என்று அந்த மைதானத்தில் எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும் என்று நம்பினேன். அவர் களைத்துப்போய்ப் பந்தை உயரத்தில் எறியத் தொடங்கினால் என் வாய் சும்மா இராது. "கீழை போடு, கீழை" என்று தமிழில் கத்திவிடுவேன்.

ஒருநாள் ஆட்டம் முடிந்ததும் அவர் வேலிக்குக் கிட்ட வந்து, நீ என்ன மந்திரம் சொல்லுகிறாய் என்று கேட்டார். கையால் காட்டி விளங்கப்படுத்தினேன். அதற்குப் பிறகு இக்கட்டான நேரத்தில் அவர் வேலிப்பக்கம் திரும்பி, "கீளை?" என்பார். நான் "கீழை" என்று தலையாட்டுவேன். ஐந்து வருசம் இப்படி நடந்தது. நாங்கள் ஒரு நாளும் ஒன்றாக இருந்து ஒரு கோப்பிகூடக் குடித்ததில்லை.

பிறகு அவருடைய தோள்மூட்டுப் போய்விட்டது. அந்தக் கோடைகாலத்தில் அவர் எறியவேயில்லை. ஒக்தோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை, ஓய்வுபெற்ற மூன்று ஆட்டக்காரருக்கு மைதானத்தில் மரியாதை செய்யப்போகிறார்கள் என்று வேலியில் காகிதம் ஒட்டியிருந்தது. மூன்றாவது பேர் அவருடையது.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் ஒரு விளையாட்டுக்காரனுக்கு மரியாதை செய்வதென்றால் கழுத்தில் மாலை விழவேண்டும். வெறுங்கையோடு போய்க் கைதட்டிவிட்டு வர எனக்கு மனம் ஒப்பவில்லை. எல்லாருக்கும் முன்னால் அந்த மனிதருக்கு ஒரு மாலை போட்டுவிடவேண்டும் என்று முடிவெடுத்தேன்.

உங்கள் அம்மா றோசாப்பூ வாங்கச் சொன்னா. றோசாவை ஊசியில் கோத்தால் இதழ் கொட்டும் என்று நான் மறுத்துவிட்டேன். மல்லிகை முடிந்துபோன காலம். ஆனால் தெருவோரப் பூக்கடைகளில் செவ்வந்தி மலைமலையாகக் குவிந்து கிடந்தது. வெள்ளையும் மஞ்சளுமாக, ஒவ்வொரு பூவும் ஒரு கைப்பிடி. ஒவ்வொரு வருசமும் ஒக்தோபர் முடிவில் இப்படித்தான். பேக்கரிகளில் சாயம் பூசிய சீனிப் பொம்மைகளும் பாதாம் மாவில் செய்த பழங்களும் அடுக்கி வைப்பார்கள். பிள்ளைகளுக்குப் பரிசு கொடுப்பார்கள். எங்கள் தீபாவளி மாதிரி இவர்களுக்கும் ஏதோ பண்டிகை, அதற்குத்தான் செவ்வந்தி என்று நானாகவே முடிவுகட்டியிருந்தேன். ஒரு ஆளிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் நானும் அம்மாவும் குசினி மேசையில் இருந்து கட்டினோம். வாழைநாருக்கு எங்கே போவது? இறைச்சி கட்டுகிற நூலால் கட்டினோம். இடையிடையே பச்சைக்கு, சமையலுக்கு வாங்கி வைத்திருந்த வாசனை இலை. மாலை என் இடுப்பு வரைதான் வந்தது. இதை நன்றாக நினைவில் வைத்திருங்கள்.

அம்மா ஒரு நிபந்தனை போட்டா. விழா காலையோடு முடியாது என்பதால் எனக்குப் பதிலாக என் சின்யோராவோடு அவ இருப்பா. ஆனால் மூன்று மணிக்கு அவவுக்கு வேறு வீட்டில் வேலை.

"இரண்டு மணிக்கு நீங்கள் சின்யோரா வீட்டிலை நிக்கவேணும். ஒரு நிமிசம் பிந்தினாலும் மகனைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கே வருவன்," என்றா.

பத்து மணிக்கு விழா. நானும் மகளும் எட்டரைக்கே பஸ் தரிப்பில் நின்றோம். ஐம்பது நிமிசம் பஸ் வரவில்லை. வந்த பஸ்ஸில் நிற்க இடமில்லை. மாலை நசியக்கூடாது என்று பிளாஸ்டிக் பைக்கு வெளியே எடுத்து இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றேன். மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, இந்தப் பூ..."

"பூவிலை கை வையாதை."

"இல்லையப்பா, பள்ளிக்கூடத்து மயெஸ்த்ரா சொன்னவா..."

"மயெஸ்த்ரா சொன்னதை வீட்டை போய் அம்மாவுக்குச் சொல்லு."

பிறகு நடந்ததுதான் அதிசயம். ஓர் ஆள் எழும்பி எனக்கு இருக்கை தந்தார். தந்துவிட்டு என் தோளைத் தொட்டு, தைரியமாக இரு என்றார். ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டு மகளின் கன்னத்தைத் தடவி இனிப்பு கொடுத்தா. இத்தனை வருசத்தில் பலேர்மோ பஸ்ஸில் எனக்கு யாரும் இடம் தந்ததில்லை. இன்றைக்குத்தான் இவர்களுக்கு மரியாதை தெரிந்திருக்கிறது என்று நினைத்தபடி காலை மடித்துச் சப்பாணி கட்டாத குறையாக வசதியாக இருந்தேன்.

மைதானத்துக்குப் போனால் ஒரு ஈ காக்கை இல்லை. ஒருவன் சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். பத்து மணிக்கு என்றுதானே ஒட்டியிருந்தது என்று கேட்டேன். பத்து மணி என்றால் பதினொன்றரை என்று அவன் எனக்குப் படிப்பித்தான். பதினொன்றரைக்கு ஆட்கள் வந்தார்கள், ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. அது வேலை செய்தபோது, வரவேண்டிய பிரமுகர் வரவில்லை. அவர் வந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். தோளில் நாடாவைக் குறுக்கே கட்டிக்கொண்டு இருபது நிமிசம் பேசினார். அவ்வளவும் உதைபந்தாட்டத்தைப் பற்றி.

இதற்கிடையில் இன்னொன்றைக் கவனித்தேன். நாங்கள் இருந்த வாங்கில் கூட இருந்த குடும்பம் எழும்பி அப்பால் போனது. முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் எங்களைச் சுற்றி ஒரு வட்டம் வெறுமையாகிவிட்டது. ஐந்து வருசம் இந்த வேலியில் தொங்கியவன் நான். இன்றைக்கு உள்ளே வந்து இருந்ததும் எங்கள் நிறம் இவர்களுக்குக் கண்ணில் குத்துகிறது என்று நினைத்தேன். மகள் மறுபடியும் ஏதோ சொல்ல வாய் திறந்தாள். பேசாமல் இரு என்று அதட்டிவிட்டேன்.

முதல் ஆட்டக்காரருக்குக் கேடயம் கொடுத்தார்கள். இரண்டாமவர் ஒலிபெருக்கியைப் பிடித்தால் விடவில்லை. தன் மாமிக்கும் முடிவெட்டுகிறவருக்கும்கூட நன்றி சொன்னார். ஒன்றே முக்கால். பறந்து போனாலும் இனி இரண்டு மணிக்கு லிபெர்த்தாவில் நிற்க முடியாது. மாலையைப் போட்டுவிட்டாவது போவோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக அவரைக் கூப்பிட்டார்கள். நல்ல மனிதர், எப்போதும் எங்களோடு இருப்பார் என்று அறிவித்தார்கள். அவ்வளவுதான். அந்தக் கீழே விழும் பந்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. கேடயத்தில் அவருடைய சட்டை இலக்கத்தைக்கூடப் பிழையாக வெட்டியிருந்தார்கள். அவர் அதைப் பார்த்தார், கக்கத்தில் செருகிக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் கம்பியைத் தள்ளி மைதானத்துக்குள் நடந்தேன். அவருக்கு முன்னால் போய் நின்று மாலையை இரண்டு கையாலும் உயர்த்தினேன்.

கைதட்டல் நின்றுவிட்டது. பிரமுகர் இரண்டு அடி பின்னால் போனார். வரிசையில் நின்ற ஆட்டக்காரர் எல்லாரும் ஒரே நேரத்தில் கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டார்கள். கெட்ட சகுனம் கண்டால் இந்த ஊர் ஆண்கள் அப்படிச் செய்வார்கள். ஏன் என்று என்னிடம் கேட்கவேண்டாம். முன்வரிசையில் இருந்த அவருடைய தாயார் முகத்தைப் பொத்திக்கொண்டா.

அப்போதுதான் மகள் சொல்லவந்ததைச் சொல்லி முடித்தாள்.

"அது செத்தாக்களுக்கு வைக்கிற பூவப்பா. சவக்காலைக்கு மட்டும்தான் கொண்டு போவினமாம். பஸ்ஸிலையிருந்து இதைத்தான் சொல்லிக்கொண்டு வாறன்."

பஸ்ஸில் கிடைத்த இருக்கை, இனிப்பு, எங்களைச் சுற்றி வெறுமையான வட்டம், எல்லாம் ஒரேயடியாக விளங்கியது. நான் தீபாவளி மாதிரி என்று நினைத்தது இறந்தவர்களின் திருநாளை; அதற்கு இரண்டு மூன்று நாள் இருக்க, உயிரோடு நிற்கிற மனிதனுக்கு நான் சாவுப் பூவைத் தூக்கிக்கொண்டு நின்றேன். கையை இறக்கவும் முடியவில்லை. உயர்த்திய மாலையைத் திரும்ப எடுப்பது எங்களுக்கு ஆகாது.

அவர் மாலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என்னைப் புதைக்கவோ வந்தனி?" என்று இத்தாலியனில் அமைதியாகக் கேட்டார்.

என் உடைந்த இத்தாலியனில் சொன்னேன். எங்கள் ஊரில் இந்தப் பூ சாமிக்கும் போடுவோம், மாப்பிள்ளைக்கும் போடுவோம், நன்றாக விளையாடினவனுக்கும் போடுவோம் என்று.

அவர் பிரமுகரின் பக்கம் தலையைச் சாய்த்தார்.

"இவ்வளவு பேரும் எப்பவும் எங்களோடை இருப்பாய் எண்டு சொல்லிப்போட்டினம். இனி நீ எறியமாட்டாய் எண்டு ஒருத்தரும் வாய் திறக்கேல்லை," என்றார். "உன்ரை பூவாவது அதைச் சொல்லுது. போடு."

குனிந்தார். நான் கட்டை, அவர் நெட்டை. மாலை அவருடைய தொப்பியில் சிக்கித் தொப்பி விழுந்தது. மகள் எடுத்துக் கொடுத்தாள். அந்தக் கோலத்தோடு அவர் பந்தெறிகிற மண்மேட்டுக்கு நடந்து போய் ஒரு பந்து கேட்டார். வேலிப்பக்கம் பார்த்துப் பழகிய மனிதர், நான் பக்கத்தில் நிற்கிறதை மறந்து முதலில் வேலியைப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"கீளை?"

"கீழை," என்றேன்.

எறிந்தார். தோள் கேட்கவில்லை. பந்து பாதி வழியிலேயே நிலத்தில் குத்தி எழும்பிப் போனது. கிரிக்கெட்டில் அது அருமையான பந்து. இவர்களுடைய விளையாட்டில் அதற்கு மதிப்பில்லை. அவர் தோளைப் பிடித்தபடி சிரித்தார், இரண்டாவதாகக் கேடயம் வாங்கியவர் முதலில் கைதட்டினார், மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கையைப் பையிலிருந்து எடுத்துத் தட்டினார்கள். பிரமுகர் மட்டும் தட்டவில்லை.

மாலையை வீட்டுக்குக் கொண்டுபோனால் தாயார் கதவு திறக்கமாட்டா என்று அவர் சொன்னார். நான் வழக்கமாக நிற்கிற இடத்தில் வேலிக் கம்பியில் அதைக் கொழுவிவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் கையின் தடிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

லிபெர்த்தாவில் படியேறும்போது மணி மூன்றேகால். அம்மா கோட்டுப் போட்டு, மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவில் நின்றா. சொல்லவேண்டிய ஏச்சு முழுவதும் முகத்தில் இருந்தது. ஆனால் முதலில் வேறொன்று கேட்டா.

"போட்டாச்சோ?"

"போட்டாச்சு."

"அவர் என்ன சொன்னவர்?"

"தன்னைப் புதைக்கவோ வந்தனான் எண்டு கேட்டவர்."

முழுவதையும் மகள்தான் சொன்னாள், ஒன்றையும் விடாமல். அம்மா சிரிக்கவில்லை. மகனைத் தூக்கி என் கையில் தந்தா.

"றோசா வாங்குங்கோ எண்டு நான் அப்பவே சொன்னனான்," என்றா.

"நானும் பஸ்ஸிலை சொன்னனான்," என்றாள் மகள்.

அம்மா படியில் இறங்கிப் போனா. உள்ளே கதிரையிலிருந்து என்னைப் பார்த்துச் சின்யோரா, யார் செத்தது என்று கேட்டுக்கொண்டிருந்தா. என் சட்டை முழுவதும் செவ்வந்தி இதழ்.