நுஸைபாவின் நம்பர்

காஜிமார் தெருவில் கல்யாணப் பெண்ணுக்கு மெஹந்தி என்றால் நுஸைபாவைத்தான் கூப்பிடுவார்கள். அவளுடைய இன்ஸ்டா பக்கத்தில் மணப்பெண்களின் கைகள் மட்டுமே இருக்கும். தன் முகத்தை ஒருநாளும் போட்டதில்லை. போன் நம்பர் மட்டும் போட்டிருந்தாள். ஆர்டர்கள் அதில்தான் வந்தன.

பக்ரீத் முடிந்த வாரம் ஒருவன் கூப்பிட்டான்.

"நுஸைபாவா? எம்புட்டு ஆகும்?"

"ரெண்டு கையும் போடணுமாங்க? கல்யாணம் எப்ப?"

அவன் சிரித்தான். "கைக்கு இல்லம்மா."

அவன் நம்பரை பிளாக் செய்தாள். சற்று நேரத்தில் இன்னொருவன். மறுநாள் காலையில் சோறு வடிக்கும்போது, மதியம் தொழுகை விரிப்பில் உட்காரும்போது என்று போன் ஓயவில்லை. நம்பர் எங்கே கிடைத்தது என்று ஒருவனை அதட்டிக் கேட்டாள். அவன் ஒரு இணையதளத்தின் பெயரைச் சொன்னான்.

திறந்து பார்த்தாள். 'உங்கள் அருகில் உள்ள பெண்கள்' என்ற தலைப்பின் கீழே அவள் பெயர், நம்பர், தெரு. 'எந்நேரமும் அழைக்கலாம்' என்று யாரோ எழுதிச் சேர்த்திருந்தார்கள். படத்துக்கு அவள் இன்ஸ்டா பக்கத்திலிருந்தே ஒரு மணப்பெண்ணின் கையை உருவியிருந்தார்கள். உள்ளங்கையில் மாப்பிள்ளையின் பெயர் தெளிவாகத் தெரிந்தது. அந்தப் பெண்ணின் வீட்டுக்கு என்ன பதில் சொல்வது?

செருப்புக்கடையிலிருந்து வந்த கணவர் முஜிபுர் ரஹ்மான் படத்தையே வெறித்துப் பார்த்தார்.

"பக்கத்த மூடிரு நுஸைபா."

"நான் மூடுனா அவன் எடுத்துவச்சது அழிஞ்சிருமாங்க?"



பெயரை நீக்கச் சொல்லி அந்தத் தளத்துக்கு எழுதினாள். ஆதார் நகலும் முகம் தெரியும் படமும் அனுப்பச் சொல்லிப் பதில் வந்தது.

"ஊருக்கே காட்டாத முகத்தத் திருடுனவனுக்குக் காட்டணுமா?" என்று போனைக் கட்டிலில் எறிந்தாள். உடனே எடுத்து மறுபடி அதே தளத்தைப் பார்த்தாள். அவளால் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அப்போதுதான் அதிலிருந்த மற்றப் பெண்களைக் கவனித்தாள். ஒத்தக்கடை ரோகிணி, பிளவுஸுக்கு ஆரி வேலை செய்பவள். துணிந்து அவளைக் கூப்பிட்டாள்.

"யாருடா அது? செருப்பு பிஞ்சிரும்!"

"வச்சிராதீங்க அக்கா. நானும் அந்த லிஸ்ட்டுல இருக்கேன்."

ரோகிணி அழுதாள். "நீதான நம்பரப் போட்டேன்னு எங்க வீட்டுக்காரரு என் போனப் புடுங்கிப் பாக்குறாரும்மா."

இருவரும் சேர்ந்து சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போனார்கள். அங்கிருந்த பெண் எஸ்.ஐ. எல்லாவற்றையும் பார்த்தார்.

"பொதுவுல கெடந்ததத்தான் எடுத்தோம்னு சொல்லுவாங்க. நீங்க போட்டது தொழிலுக்கு. இதுக்கா போட்டீங்க? புகார் எழுதிக் குடுங்க."

அந்தத் தளம் முடங்கியது. ரோகிணியின் கணவர் போனைத் திருப்பிக் கொடுத்தார், மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. மணப்பெண்ணிடம் நுஸைபாவே நேரில் போய்ச் சொன்னாள். அந்தப் பெண்ணின் அம்மா ஏசித் தீர்த்தார். நுஸைபா தன் இன்ஸ்டா பக்கத்திலிருந்து நம்பரையும் எடுத்துவிட்டாள். ஆர்டர்கள் பாதியாயின.

ஐப்பசியில் அதே பெயர்கள் வேறொரு தளத்தில் முளைத்தன. இரண்டாவது புகாரில், அந்தப் பட்டியலில் இருந்த, உசிலம்பட்டியில் கேக் செய்து விற்கும் முனீஸ்வரியும் கையெழுத்துப் போட்டாள். அவளை நம்பவைக்க நுஸைபா மூன்று முறை கூப்பிட வேண்டியிருந்தது.

விசாரணை நடக்கிறது. தெரியாத நம்பர் வந்தால், ஆர்டராக இருக்கலாம் என்று நுஸைபா இன்னும் எடுக்கத்தான் செய்கிறாள். மறுமுனையில் இருப்பவர் முதல் வார்த்தை பேசும்வரை இவள் மூச்சு விடுவதில்லை.