அண்ணி கேட்க மறுத்த முடிவு

என் அண்ணி கம்சானா ஆட்டுத்தலையை வீட்டுக்குள் விட்டதே இல்லை. லிபியாவின் திரிப்போலியிலிருந்து இஸ்ரேலுக்கு வந்த யூதர்களான எங்களுக்குப் புத்தாண்டு விருந்தில் ஆட்டுத்தலை இருந்தாக வேண்டும். அண்ணி மட்டும் மீன்தலையை வைத்து ஒப்பேற்றிவிடுவாள். அவளுடைய அம்மா அறுபதை எட்டுமுன்பே தூக்கம் கெட்டு, நடை தள்ளாடி, பெற்ற பிள்ளைகளையே யாரென்று கேட்டு, சில மாதங்களில் போய்ச் சேர்ந்தாள். அண்ணியின் கூடப்பிறந்த அண்ணனும் அப்படியே போனான். ஆட்டு மூளையும் கண்ணும் தின்றதால் வந்த வினை என்று ஊரெல்லாம் பேச்சு. "ஆட்டை விட்டுட்டா ஆயுசு நூறா அண்ணி?" என்று சீண்டுவேன். "நீ தின்னு, நான் பாக்கறேன்" என்பாள்.

பிறகுதான் மருத்துவர்கள் ஆட்டின்மேல் பழியில்லை என்றார்கள். மூளையிலுள்ள ஒரு புரதம் வடிவம் கெட்டுப்போவதால் வருகிற நோயாம். அதற்குக் காரணமான மரபணு குடும்பத்தில் இறங்குகிறது. பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மருந்து கிடையாது. அத்தனை வருடம் வாயைக் கட்டியது வீண். அதன்பின் அண்ணி நிம்மதியாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. டம்ளர் கைதவறினால் முகம் வெளிறிவிடும். கடைக்காரன் பெயர் மறந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. ஆனால் பரிசோதனைக்கு மட்டும் போகமாட்டாள். தெரிந்து என்ன செய்யப்போகிறேன் என்பாள். அதில் நியாயம் இருந்ததால் எனக்கு எரிச்சல் கூடியது.

அண்ணியின் மகள் ஒரித்துக்குக் கல்யாணம் ஆயிற்று. குழந்தை பெறுமுன் தனக்கு அது இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும் என்றாள். இருந்தால், அந்தப் பழுது இல்லாத கருவாகத் தேர்ந்து கருப்பையில் வைக்க வழி உண்டாம். சிக்கல் இதுதான்: என் அண்ணன் வழியில் அந்த நோய் யாருக்கும் இல்லை. மகளுக்கு இருந்தால் அம்மாவுக்கும் இருக்கிறது என்று அர்த்தம்.

"போய்ப் பாருடி. ஆனா என்ன வந்தாலும் எங்கிட்ட மூச்சு விடாதே" என்றாள் அண்ணி. ஒரித் சத்தியம் செய்தாள்.

முடிவு வந்த வாரம் ஒரித் வந்தாள். சிரிக்கச் சிரிக்கப் பேசினாள். காரமான மீன்குழம்பை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினாள். அண்ணி அவள் முகத்தைப் பார்க்காமல் கழுவிய பாத்திரத்தையே கழுவிக்கொண்டிருந்தாள்.

வழியனுப்ப வாசலுக்கு வந்தோம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அண்ணி ஏறி இறங்குகிற படிகள்தான். ஒரித் சட்டென்று அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், விழப்போகிறவளைப் பிடிப்பதுபோல.

அண்ணி அப்படியே நின்றாள். பிடித்த கையைப் பார்த்தாள். தன்னைப் பற்றித்தான் கேட்பாள் என்று நினைத்தேன்.

"அப்போ உனக்கும் இருக்காடி, கண்ணு?" என்றாள்.