ஏரியின் ஆழம் எந்தப் பக்கம்

தாண்டவராயன் படகில் ஏறுமுன் கொளவாய் ஏரித் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி நக்கிப் பார்த்தான். உப்பில்லை. அது தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் நக்கிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"இன்னாய்யா, தாகமா?" என்றார் ஓவர்சியர் சுப்பிரமணி.

"இல்ல சார். உப்பு இல்லன்னா, மத்தபடி இதுக்கும் கடலுக்கும் இன்னா வித்தியாசம்னு பாத்தேன்."

"பாத்துட்டு சொல்லு. அப்பறம் வண்டிய எடு."

1974-ஆம் வருடம், ஐப்பசி. தாண்டவராயனுக்கு வயது முப்பத்து மூன்று. சதுரங்கப்பட்டினத்துக் குப்பத்தில் பிறந்து, பன்னிரண்டு வயதில் அப்பாவோடு கட்டுமரம் ஏறியவன். எதையும் கழற்றிப் பார்க்கும் குணம் அவனுக்குச் சிறு வயதிலேயே உண்டு. மாமனார் வீட்டுச் சீதனமாக வந்த கடிகாரத்தைக் கல்யாணமான மூன்றாம் நாளே பிரித்துப் போட்டு, மனைவி ஆதியம்மாளிடம் ஒரு மாதம் ஏச்சு வாங்கியவன். மீனவர்களுக்கு இன்ஜின் ஓட்டக் கற்றுத்தரும் ஆறு மாதப் பயிற்சி வந்தபோது முதல் ஆளாகப் போய் நின்றான். அதன்பின் ஒரு விசைப்படகில் நான்கு வருடம் ஓட்டினான். முதலாளி படகை வேறு ஊர்க்காரருக்கு விற்றுவிட, மறுபடி கட்டுமரம். கையில் இன்ஜின் வேலை இருந்தும் துடுப்பு போடுவது அவனுக்கு உறுத்தியது.

அப்போதுதான் செங்கல்பட்டில் அரசு அலுவலகம் ஒன்று ஏரிகளை அளக்க மோட்டார் படகு வாங்கியிருப்பதாகவும், ஓட்ட ஆள் தேடுவதாகவும் தெரிந்தது. ஒரு நாள் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓவர்சியர் திருப்தி என்று எழுதினால் வேலை. இல்லையென்றால் திரும்பக் கட்டுமரம். அந்த ஒரு நாள்தான் இது.

படகில் மூன்றாவது ஆள் தேவசகாயம். ஏரிக்கு அந்தப் பக்கத்துச் சேரியில் பிறந்து பி.ஏ. முடித்தவன். அளவுகளை நோட்டில் எழுதும் தற்காலிக வேலை. அதிகம் பேசமாட்டான்.

மதகடியில் ஈயக் குண்டு கட்டிய கயிற்றை இறக்கினார்கள். பதினாலு அடி.

தாண்டவராயன் வாய் பிளந்தான். "கரையாண்டயே பதினாலுன்னா, நடுவுல எவ்ளோ சார் இருக்கும்?"

"அத கண்டுபிடிக்கத்தான உன்ன இட்டாந்துகிறோம்," என்றார் சுப்பிரமணி. தேவசகாயம் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினான். ஏதோ சொல்ல வந்தவன், ஓவர்சியர் பேசிக்கொண்டே போனதால் மறுபடி குனிந்துகொண்டான்.

கரையோரமாகவே போய் மூன்று இடத்தில் அளந்திருப்பார்கள். வடக்கே வானம் கறுத்தது. காற்று ஏரிக்கரையின் நீளத்துக்கு ஓடி வந்து படகை அடித்தது. குட்டைக் குட்டையான அலைகள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் மூச்சுவிட இடமில்லாமல் வந்தன. கடலில் அலை ஏறும், இறங்கும். ஆளுக்கு நேரம் கொடுக்கும். இது பல்லைக் கடித்தாற்போல் கடகடவென்று படகின் வயிற்றைத் தட்டியது. இதுவும் ஒரு வித்தியாசம் என்று அந்த நேரத்திலும் அவன் மனசு குறித்துக்கொண்டது. சுப்பிரமணி நோட்டைப் பிடுங்கிச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு பலகையைக் கட்டிப்பிடித்தார்.

கரையின் கருங்கற்கள் இருபது முழத்தில் தெரிந்தன. தாண்டவராயனுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. காற்று வந்தால் கரையை விட்டு விலகு, ஆழத்துக்குப் போ. கரையோரம்தான் அலை உடையும், கட்டுமரமும் உடையும். இருபது வருடமாகக் கை தானாகச் செய்கிற காரியம். படகைத் திருப்பி, கரைக்கு முதுகு காட்டி, நடு ஏரிக்கு விரட்டினான்.

"அண்ணாத்த, அந்தப் பக்கம் வாணாம்..." என்று தேவசகாயம் ஆரம்பித்தான்.

"கம்முனு குந்து தம்பி. பேனா சமாச்சாரம்னா நீ சொல்லு. தண்ணி சமாச்சாரம் என்னுது."

தேவசகாயம் உட்கார்ந்துவிட்டான். மழை இறங்கியது. கரையும் பனைமரங்களும் மறைந்தன. கால் மணி நேரம் அப்படி ஓடியிருக்கும். படகுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். சுப்பிரமணி குடையைக் கவிழ்த்துத் தண்ணீரை இறைக்கப் பார்த்து, காற்றிடம் அதையே பறிகொடுத்தார்.

திடீரென்று அடியில் மடமடவென்று ஒரு சத்தம். இன்ஜின் ஒரு கூச்சல் போட்டு வெறுமனே சுற்றியது. படகு நின்றது.

"கவுந்துடுமாய்யா? எனக்கு நீச்சல் தெரியாது!" என்று சுப்பிரமணி அலறினார்.

தாண்டவராயன் இன்ஜினைத் தூக்கிப் பார்த்தான். தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளும் விசிறியின் ஓர் இதழில் முனை போயிருந்தது. அதைப் பிடித்து நிறுத்தும் சின்னப் பின் இரண்டாக ஒடிந்திருந்தது. நடு ஏரி. அடியில் எத்தனை ஆள் ஆழமோ. பின்னால் தொப்பென்று ஒரு சத்தம் கேட்டுத் திரும்பினான். தேவசகாயம் குதித்துவிட்டிருந்தான்.

குதித்தவன் மூழ்கவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில், பஸ்ஸுக்கு நிற்கிறவன் மாதிரி நின்றுகொண்டிருந்தான்.

தாண்டவராயன் அவனையே பார்த்தான். பிறகு ஒரு காலை வெளியே விட்டுப் பார்த்தான். சேறு தட்டுப்பட்டது.

"இன்னாடா இது?"

"ஏரி அண்ணாத்த. ஆழமெல்லாம் கரையாண்டதான். கரைய கட்டித்தான தண்ணிய நிறுத்திக்கிறாங்க. உள்ள வர வர மோடு. வைகாசில இங்க எங்கம்மா புல்லறுக்கும். நான் எரும ஓட்டுவேன்." மழையில் பாதி மறைந்து, படகை ஒட்டி நின்ற கருவேல மரத்தின் கொம்பு ஒன்றைத் தொட்டான். "பி.ஏ. பரீட்சைக்கு இதுங்கீழதான் குந்தி படிச்சேன்."

"உன் காலேஜ் மேல படக ஏத்திட்டனா நான்!" என்று தாண்டவராயன் சிரித்துவிட்டான். உடனே சிரிப்பு நின்றது. "அடப்பாவி, முன்னயே சொல்றதுக்கு இன்னா?"

"சொல்ல வந்தேன். நீங்க கடலு பாத்தவரு. நான் இங்க தண்ணியில்லாதப்பதான நடந்துகினு இருந்தேன்? நமக்குத் தெரிஞ்சது தெரிஞ்சதுதானான்னு எனக்கே ஒரு சந்தேகம்."

தாண்டவராயன் இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு ஆணியை எடுத்து, கொண்டையைத் தட்டி ஒடித்து, ஒடிந்த பின்னை எடுத்துவிட்டு அந்தத் துளையில் சொருகினான். தேவசகாயம் படகின் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, காலால் முள் தேடி ஒதுக்கி, மார்பளவு தண்ணீர் வரும்வரை இழுத்துப்போனான். பிறகு ஏறி, முன்னால் உட்கார்ந்தான்.

"நேரா மதகுக்கு வுடுங்க. அதும் பக்கச்சுவருக்குப் பின்னால காத்து அடிக்காது."

"கல்லாண்டயா?"

"ஆமா. கல்ல ஒட்டி."

கடைசி முப்பது முழம். தாண்டவராயனின் பழகிய கை படகை வெளியே திருப்பு, திருப்பு என்றது. தேவசகாயத்தின் முதுகையே பார்த்துக்கொண்டு ஓட்டினான். சுவரைச் சுற்றியதும் காற்று அறுந்தது. அங்கே தண்ணீர் தொட்டியில் கிடப்பது போல் கிடந்தது.

கரையேறியதும் சுப்பிரமணி ஈர நோட்டைப் பிரித்தார். "புது விசிறி, முனை போச்சு. இன்னான்னு எழுதச் சொல்ற? காத்து தள்ளினு போச்சுன்னு எழுதட்டா?"

அதற்குத் தலையாட்டியிருந்தால் போதும்.

"காத்து தள்ளல சார். நாந்தான் ஓட்டினு போனேன். ஆழம்னு நெனச்சு மோட்டுல ஏத்திட்டேன். எழுதிக்குங்க. ஆனா ஒண்ணு, கோடைல தண்ணி வத்தட்டும். உள்ள எறங்கி முழுசா நடந்து பாத்துடறேன். அப்பறம் இது நடக்காது."

"கடல்ல எறங்கி நடந்து பாத்துட்டா ஓட்டின?"

"பாக்க முடிஞ்சிருந்தா வுட்டிருப்பமா சார்?"

சுப்பிரமணி சிரிக்கவில்லை. 'மரத்தில் மோதியது. ஆள் உண்மை சொல்கிறான், பழுதும் பார்க்கிறான். கோடை வரை தினக்கூலியில் வைத்துப் பார்க்கலாம்' என்று எழுதினார்.

சித்திரையில் ஏரி வற்றியதும் தாண்டவராயன் தேவசகாயத்தைக் கூட்டிக்கொண்டு இறங்கினான். அந்தக் கருவேலத்தில் மூன்று வெட்டு. கழற்றிக் கொண்டுவந்திருந்த பழைய விசிறியை வைத்துப் பார்த்தான், பொருந்தியது. அங்கிருந்து மதகை நோக்கி நடந்தார்கள். தரை கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்துகொண்டே போனது. மதகடியில் நின்று நிமிர்ந்தபோது கரை இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலே இருந்தது. அதற்கும் மேலே பனைமரங்கள்.

அத்தனை தண்ணீருக்கு மேலே, இதே கரையோரத்தில்தான் அன்றைக்குக் கல்லைப் பார்த்துப் பயந்து ஓடினோம்!

"தம்பி, டேப்ப எடு," என்றான். "அந்தப் பதினாலு அடி சரியான்னு பாத்துடலாம்."