சுண்ணாம்பு பூசிய மரம்

எங்கள் மலைக் கோயிலில் கிறிஸ்துமஸ் மரத்தைத் தூக்கி எறிகிற வழக்கம் கிடையாது. விழா முடிந்ததும் கிளைகளைக் கழித்துவிட்டு, தண்டைப் பீடத்துக்குப் பின்னால் காயப் போடுவார்கள். பெரிய வெள்ளிக்கு அதுதான் சிலுவை. பங்குச் சாமியாருக்கு இந்த ஏற்பாட்டில் அப்படி ஒரு பெருமை. பிள்ளையைக் கிடத்தின தொட்டியும் மரம், சிலுவையும் மரம். பிள்ளையைச் சுற்றின துணிதான் பிறகு கல்லறைத் துணி. ஞானிகள் கொண்டுவந்த வெள்ளைப்போளம் பிணத்துக்குப் பூசுவது. வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் காலைப் பூசையில் இதே பிரசங்கம்தான். புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தால் பிணத்தைப் பற்றிப் பேசுகிறாரே என்று எனக்கு எரிச்சலாக வரும்.

அந்த வருஷம் அவர் வெள்ளைப்போளத்துக்கு வந்தபோது பெரியண்ணன் எழுந்தான். நேராகக் குடிலுக்குப் பக்கத்தில் நட்டிருந்த மரத்திடம் போனான். ஜிகினாவையும் பஞ்சையும் விலக்கி அடித்தண்டைத் தடவினான். கையில் சுண்ணாம்பு ஒட்டியது.

"இத வெட்டுனது யாரு?"

"நாந்தாண்ணே" என்றான் சின்னண்ணன். பாடற்குழுவில் நின்றவன், பாராட்டு வாங்கப் போகிற முகத்தோடு முன்னால் வந்தான்.

பெரியண்ணன் அவன் வாயிலேயே குத்தினான். விழுந்தவனை நெஞ்சில் மிதித்தான். குடில் சரிந்தது, சூசையப்பர் சொரூபத்தின் தலை உடைந்து உருண்டது. நாலு ஆண்கள் சேர்ந்து இழுத்தும் அவன் கால் நிற்கவில்லை. எல்லாம் ஓய்ந்த பிறகு வைக்கோலில் குழந்தை இயேசுவைத் தேடினேன். கையில் முதலில் கிடைத்தது சின்னண்ணனின் பல்.

சாமியார், மரத்தை வெளியே எடுத்துவிடலாம் என்றார். பெரியண்ணன் தடுத்தான்.

"இருக்கட்டும் சாமி. பெரிய வெள்ளிக்கு வேணும்ல."

உதட்டுக்குத் தையல் போடப் போடி ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் இறங்கும்போதுதான் சின்னண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். சில வருஷங்களுக்கு முன் இதே ரோட்டில், இதே மாதிரி ஒரு ஜீப்பில்தான் பெரிய மதினிக்கு வலி எடுத்தது. போடி வந்து சேருவதற்குள் பிள்ளை பிறந்து செத்தும் போயிற்று. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று பெரியண்ணனே முடிவு செய்து, எஸ்டேட்டின் ஏலக்காய்த் தோட்டத்து ஓரத்தில் புதைத்து, மேலே நிழலுக்கு வளர்க்கிற ஓக்கு மரக் கன்று ஒன்றை நட்டான். மதினியும் நானும் மட்டும் கூட இருந்தோம். சின்னண்ணன் அப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். அவன் திரும்பி வந்த பிறகும் அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுத்ததில்லை.

கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் கல்லறைக்கு வெள்ளையடிப்பார்கள். பெரியண்ணனுக்கு வெள்ளையடிக்கக் கல்லறை இல்லை. அந்த மரத்தின் அடியைச் சுற்றிச் சுண்ணாம்பு பூசுவான். எஸ்டேட்டில் அதற்கு அர்த்தமே வேறு. நிழல் அதிகமாகிவிட்டது என்று வெட்டப்போகிற மரத்துக்குத்தான் அங்கே சுண்ணாம்பு வளையம் போடுவார்கள். எஸ்டேட்டில் மரம் வெட்டுவது சின்னண்ணனின் சோலி. வளையம் போட்ட மரம், எப்படியும் விழப்போகிறது, கோயிலுக்காவது ஆகட்டும் என்று வெட்டிவிட்டான்.

நான் சொல்லி முடித்ததும் ஜீப்பின் கம்பியில் தலையை முட்டினான். மறுபடி மறுபடி முட்டினான். தலையை இழுத்து என் மடியில் அழுத்திக்கொண்டேன். சேலையெல்லாம் இரத்தமாகிவிட்டது.

பெரிய வெள்ளிக்கு முந்திய தபசு காலத்தில் சின்னண்ணன், சிலுவைப்பாதையில் இயேசுவாகச் சிலுவையை நான்தான் சுமப்பேன் என்று சாமியாரிடம் போய் நின்றான். பெரியண்ணன் சாட்டை பிடிக்கிற சேவகன் வேஷம் கேட்டான். வேண்டாம் என்று சாமியாரிடம் கெஞ்சினேன். "சாட்டைன்னா நம்ம ஏலத்தட்டை நாருதானம்மா. சத்தம் போடும், வலிக்காது. ஆண்டவர் ரெண்டு பேரையும் சேத்துவைப்பாரு" என்றார். அந்த ஆளைக் கடித்து வைக்கலாம் போல இருந்தது.

பெரிய வெள்ளியன்று ஏற்றத்தில் சிலுவைப்பாதை தொடங்கியது. பெரியண்ணன் இடுப்பிலிருந்து சாட்டையை உருவினான். அது தட்டை நார் இல்லை. கிறிஸ்துமஸுக்கு அந்த மரத்தில் சுற்றியிருந்த சீரியல் லைட்டின் பச்சை வயர். பல்புகளைக் கிள்ளிவிட்டு, பல மடிப்பாக முறுக்கியிருந்தான்.

முதல் அடியிலேயே வெள்ளை அங்கி கிழிந்தது. அடுத்த அடியில் தோல் கிழிந்தது. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். "என்னமா நடிக்கிறாங்க" என்றாள் பக்கத்தில் வந்தவள். நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடுவில் பாய்ந்தேன். வயர் என் முழங்கையில் சுற்றிக்கொண்டு தோலோடு உரிந்து போயிற்று.

"தள்ளிப் போ ஆத்தா" என்றான் பெரியண்ணன்.

"அண்ணன் அடிக்கட்டும். நீ போ" என்றான் சிலுவையின் கீழ் குனிந்திருந்த சின்னண்ணன்.

இயேசு மூன்றாம் முறை விழுகிற இடத்தில் சின்னண்ணன் நிஜமாகவே விழுந்தான். நெற்றி பாறையில் மோதியது. சிலுவை அவன் முதுகில் விழுந்தது. தூக்கிவிட வந்தவரைப் பெரியண்ணன் பிடித்துத் தள்ளினான். வயரை வீசிவிட்டுச் சிலுவையைத் தன் தோளில் ஏற்றினான். சாமியார் மனம் இளகி, சகோதர அன்பைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

பெரியண்ணன் திரும்பினான். "எம் புள்ளையத் தூக்க இவன் யாரு?"

பெரியண்ணன் சிலுவையோடு பாதையை விட்டு விலகி ஏலத்தோட்டத்துக்குள் இறங்கினான். சின்னண்ணன் எழுந்து விழுந்து பின்னாலேயே போனான். இனி கொலைதான் என்று நானும் ஓடினேன்.

வெட்டிய அடிமரத்துக்குப் பக்கத்தில் பெரியண்ணன் வெறுங்கையால் மண்ணைப் பறித்தான். நகம் பெயர்ந்தது. கிட்டப் போன சின்னண்ணனிடம், "தொட்ட, இங்கயே பொதச்சிருவேன்" என்றான். சின்னண்ணன் அங்கேயே நின்றுவிட்டான். குழி ஆனதும் பெரியண்ணன் சிலுவையைத் தூக்கி நிறுத்தினான். அது சாய்ந்தது. மார்போடு அணைத்துப் பிடித்தான். பிடித்த கையை எடுத்தால் விழும். எடுக்காமல் குழியை மூட முடியாது. நான் போகவில்லை. அவன் அப்படியே மரத்தைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றான். பிறகு முகத்தைத் திருப்பாமலே சொன்னான்.

"மண்ணத் தள்ளுடா."

சின்னண்ணன் முதுகில் இரத்தம் வழிய, குனிந்து மண்ணைத் தள்ளினான்.